காண்பன, அறிவன

ஜூன் 2, ஞாயிறு

சமரச மையத்துக்குப் பதினான்காம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் ஹெப்சிக்கும் செல்வினுக்கும் மார்ச்சிலேயே விவாகரத்து ஆகிவிட்டது. கட்டில், பீரோ எல்லாம் பிரித்தாயிற்று. பேத்தி கெரன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாள், எந்த வழிபாட்டு முறையில் வளர்வாள் என்பது மட்டும் பாக்கி. நானும் வந்து பேச வேண்டும் என்கிறாள் ஹெப்சி.

நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் இப்படிச் சொல்வது வெட்கம்தான். அங்கே எதிரில் இருந்தவர்கள் மாணவர்கள். எதிர்த்துப் பேசினால் மார்க் குறையும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே பேச வேண்டியதை வரிசையாக எழுதிக்கொள்கிறேன். இனி எழுதப்போவதெல்லாம் இவற்றை நிலைநாட்டவே.

1. கெரன் கைக்குழந்தையிலேயே எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். மறுபடி ஒருமுறை தண்ணீரில் முக்குவது முதலில் பெற்றதைப் பொய்யாக்குவதாகும்.
2. கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் ஒரே முறையைச் சேர்ந்தவர்கள். மாறியவர் செல்வின். மாறியவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.
3. செல்வின் வீட்டில் பிள்ளையின் காதிலிருந்து கம்மலைப் பலவந்தமாகக் கழற்றுகிறார்கள்.
4. பத்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி அபிப்பிராயம் கேட்கக் கூடாது.
5. இவற்றை நான் கோபத்தில் சொல்லவில்லை.

ஐந்தாவதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. மட்டமான தாள்.

ஜூன் 3, திங்கள்

பேசித் தீர்க்க வருகிற வக்கீலம்மா இந்துவாம். அவருக்கு எங்கள் வித்தியாசம் தெரிந்திருக்காது. சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

நாங்கள் மணி அடிக்கிற கோயில். பிள்ளை பிறந்து சில மாதத்தில் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம். பாட்டுப் புத்தகம், ஆர்கன், வெள்ளை அங்கி போட்ட ஐயர். பாதிரியாரை இந்தப் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். பெண்கள் நகை போடுவார்கள், பண்டிகைக்குப் பட்டு உடுத்துவார்கள். செல்வின் போகிற ஜெப வீட்டில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, தானாக விசுவாசித்து, ஆற்றில் முழுகி எழுந்தால்தான் கணக்கு. குண்டுமணி அளவு நகைகூடக் கூடாது. கைதட்டிப் பாடி, கண்ணீர் விட்டு ஜெபிப்பார்கள். நாங்கள் 'கோயில்' என்பதை அவர்கள் 'சபை' என்பார்கள். கெரன் இங்கே ஒருநாள் வாய் தவறி, "சபைக்கு எந்தச் சட்டை தாத்தா?" என்று கேட்டாள். "கோயிலுக்கு" என்று திருத்தினேன். அங்கே போய்க் 'கோயில்' என்று சொல்லி அவர்களிடமும் ஒரு திருத்தம் வாங்கியிருப்பாள்.

செல்வின் முன்பு குடித்துக்கொண்டிருந்தார். ஜெப வீட்டுக்காரர்கள்தான் அதை நிறுத்தினார்கள். மறுக்க மாட்டேன். ஹெப்சி சொல்வது வேறு: "குடிச்சிட்டுக் கெடந்தப்பவாவது ஞாயித்துக்கிழமை குளிச்சிட்டு என்கூட கோயிலுக்கு வந்தாரு." இதற்கு நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

கெரனுக்குக் காது குத்தியது ஏப்ரலில். அதுவரை செல்வின் விடவில்லை. தீர்ப்பு நகல் கைக்கு வந்த வாரமே ஹெப்சி அவளை நகைக்கடைக்குக் கூட்டிப்போனாள். புதுத் துளை, ஆறு மாதம் கழற்றவே கூடாது, கழற்றினால் தூர்ந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே போக வேண்டிய அவசரம் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 8, சனி

வாராவாரம் சனிக்கிழமை கெரனைத் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய்ச் செல்வினிடம் ஒப்படைப்பதும், ஞாயிறு சாயங்காலம் அதே இடத்தில் திரும்ப வாங்குவதும் என் வேலை. செல்வின் வள்ளியூரில் அவருடைய அக்கா மெர்சியோடு இருக்கிறார். ஹெப்சி வர மாட்டாள்.

அவரை என்னவென்று அழைப்பது என்பது பெரிய தொந்தரவு. 'மாப்பிள்ளை' என்று சொல்ல உரிமை இல்லை. 'தம்பி' என்றால் நடிப்பு. அழைக்காமலே பேசுகிறேன். "வெயில் கூடுதல்" என்றேன். "ஆமா மாமா" என்றார். அவருக்கு மட்டும் எந்தச் சிரமமும் இல்லை. எரிச்சலாக இருந்தது.

போகும்போது பிள்ளையின் இரண்டு காதிலும் கம்மல் இருந்தது. உறுதியாகப் பார்த்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

இந்த வாரமும் இரண்டு காதும் வெறுமையாகத் திரும்பி வந்தாள். பஸ் ஸ்டாண்டில் நான் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் ஹெப்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கம்மல் எங்கட்டி?"

"பைல இருக்கு."

"யார் கழட்டுனா? மெர்சி அத்தையா? உங்க அப்பாவா?"

"தண்ணி குடிக்கணும்மா."

"பாத்தீங்களாப்பா! பயங்காட்டி அனுப்பியிருக்காங்க. வாயத் தொறக்க மாட்டேங்கா."

பிறகு தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு நாளில் பாதி மூடிவிட்ட துளையில் மறுபடி கம்மலைத் திருகி ஏற்றினாள். பிள்ளை அலறினாள். நான் போய் மோட்டார் போட்டேன். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது.

உப்பு ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு மூன்று பத்தி போடச் சொல்லிக்கொடுப்பேன்: சோதனை, காண்பன, அறிவன. கண்ணால் கண்டது ஒரு பத்தி. அதிலிருந்து நாம் அறிவது இன்னொரு பத்தி. அந்த முறையில் எழுதுகிறேன். காண்பன: கம்மலோடு போனாள், கம்மல் இல்லாமல் வந்தாள். அறிவன: அவர்கள் கழற்றினார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கோபம் தாங்காமல் ஒரு கண்ணாடி டம்ளரை உடைக்கலாம் என்று அடுக்களைக்குப் போனேன். ஏற்கெனவே விரிசல் விட்டது எது என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெப்சி வந்துவிட்டாள். கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

முருங்கையில் கம்பளிப்பூச்சி. ஆளைக் கூப்பிட்டால் நாளை என்கிறான். எல்லோருக்கும் எல்லாமே நாளைதான்.

ஜூன் 14, வெள்ளி

சமரச மையம். நீள மேசை, ஓடாத ஒரு ஏசி, ஓடுகிற ஒரு ஃபேன். வக்கீலம்மா பெயர் மீனலோசனி. நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். ஆனால் ஆரம்பித்ததே இப்படி:

"ரெண்டு பேரும் கிறிஸ்டியன்தானே? ஒரே சாமி, ஒரே பைபிள். அப்புறம் எதுல சார் பிரச்சினை?"

நான் இரண்டு நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது முழுக்க இந்த ஒரு கேள்வியில் கரைந்துவிட்டது. ஞானஸ்நானம் பற்றி ஆரம்பித்தேன். "தெளிக்கிறது, முக்குறது, ரெண்டும் தண்ணிதானே சார்?" என்றார். ஐந்நூறு வருடச் சண்டையை அந்த அம்மாள் ஒரு வாய் காபிக்கு நடுவில் முடித்துவிட்டார். இரண்டாம் குறிப்பைச் சொல்லும்போது எனக்கே என் குரல் கேட்கவில்லை.

செல்வின் அதிகம் பேசவில்லை. "எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் போதும் மேடம். வேற நாள் கேக்கல. பாட்டு, ஜெபம் முடிஞ்சு எல்லாரும் உக்காந்து சாப்பிடுவோம். அவ என் பக்கத்துல இருந்தாப் போதும்" என்றார்.

"அந்த ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்கும் வேணும்" என்றாள் ஹெப்சி. யாரும் அவள் பக்கம் பேசவில்லை. நான்தான் பேச வேண்டியவன். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள், நான் எப்படியும் பேச மாட்டேன் என்று தெரிந்ததுபோல. அதில்தான் எனக்குத் தலைக்கு ஏறியது.

எழுந்து நின்றேன். "பிள்ளை காதுல இருந்து கம்மலைப் பலவந்தமா கழற்றுறாங்க! காது புண்ணாகிக் கிடக்கு! நான் பார்த்தேன்!" என்று கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உண்மையா செல்வின்?"

செல்வின் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா மேடம். எங்க வீட்லதான் கழட்டுதோம்" என்றார்.

முடிந்தது. சனிக்கிழமை பகல் மட்டும் தகப்பனுக்கு, ஞாயிறு முழுவதும் தாய்க்கு என்று எழுதுவதாகவும், ஜூலை பன்னிரண்டாம் தேதி எல்லோரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும், அதுவரை பழைய ஏற்பாடே தொடரட்டும் என்றும் சொன்னார்.

வெளியே வந்தோம். ஹெப்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன வருசத்துல இன்னைக்குத்தான்ப்பா எனக்காக வாயத் தொறந்து பேசியிருக்கீங்க." வழியில் பேக்கரியில் எனக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கித் தந்தாள். சின்னப் பிள்ளையில் நான் அவளுக்கு வாங்கித் தந்ததுபோல.

'பார்த்தேன்' என்றா சொன்னேன்? அப்படித்தான் சொன்னேன் என்கிறாள் ஹெப்சி. வேகத்தில் வந்த சொல். அவரே ஒப்புக்கொண்டுவிட்டதால் பாதகமில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்றும் வெறுங்காது. இடது காதில் சீழ். மோட்டார் போட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். தினம் இரண்டு வேளை. "இது என்ன, போடுறதும் கழட்டுறதுமா? காது என்ன கதவா?" என்று கேட்டார். ஹெப்சி, "என்ட்ட கேக்காதீங்க, அவங்க அப்பாட்ட கேளுங்க" என்றாள். கெரன் சுவரில் இருந்த பல் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது டாக்டர் அறையில் பல் படம் எதற்கு என்று தெரியவில்லை. இந்த ஊரில் எதுவுமே அதனதன் இடத்தில் இல்லை.

ஜூன் 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

கெரனைச் செல்வினிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் பாதி தூரம் வந்த பிறகுதான் களிம்பு என் சட்டைப்பையிலேயே இருப்பது தெரிந்தது. திரும்பி ஓடினேன். வள்ளியூர் பஸ் இன்னும் புறப்படவில்லை. ஜன்னலோரம் கெரன், அவளுக்கு அந்தப் பக்கம் செல்வின். நான் பஸ்ஸின் பின்பக்கமிருந்து வந்ததால் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. கெரன் தலையைச் சாய்த்து இடது காதுக் கம்மலின் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"கெடக்கட்டும் மக்கா. புண்ணா இருக்கு. இன்னைக்குக் கழட்டாத."

"அத்தை அழுவாங்க."

"அழட்டும். நான் சொல்லிக்கிடுதேன்."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க. அத்தை முட்டி போட்டு எந்தலைல கைய வச்சு அழுதாங்க. அவங்க சாப்பிடவே இல்ல. என்னாலதான் சாப்பிடல."

"அப்ப அம்மாட்டயாவது சொல்லு, நீயேதான் கழட்டுதேன்னு."

"அம்மா அழமாட்டாங்க, கத்துவாங்க. நீங்களும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணிருக்கீங்க."

"நாம சத்தியம் பண்ணக் கூடாதுல்லா மக்கா. வேதத்துல போட்டிருக்கு."

"ஆமென் சொன்னீங்கல்லா? அதுவும் சத்தியந்தான்."

செல்வின் கையை நீட்டினார். அவள் கம்மலை அதில் வைத்துவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலது காதுக்குப் போனாள்.

பஸ் புறப்பட்டுவிட்டதால் களிம்பைக் கொடுக்க முடியவில்லை.

மேலே உள்ள வாக்கியத்தை அடிக்கிறேன். பஸ் புறப்படவில்லை. நான்தான் புறப்பட்டேன்.

கண்ணாடி மாற்ற வேண்டும். காதும் முன்போல் இல்லை. ஜன்னல், டிராபிக் சத்தம், கண்டக்டர் விசில். இப்படிப்பட்ட நிலையில் எடுக்கும் அளவீட்டை நானே ஏற்க மாட்டேன். அறிவன பத்தியை இன்று நிரப்பவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

கோயிலில் ஐயர் சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று பிரசங்கம் செய்தார். அவருக்கு என்ன, மேடையில் நிற்கிறார்.

எனக்குக் கோபம் வருவதற்குப் போதிய காரணங்கள் உள்ளன. மெர்சி மேல்: அதட்டினால் பிள்ளை எதிர்த்து நின்றிருப்பாள், அழுது காரியம் சாதிக்கிறாள் அந்த அம்மாள். ஹெப்சி மேல்: கத்துகிறாள். செல்வின் மேல்தான் அதிகம். விசுவாசி என்கிறார், சத்தியம்கூடப் பண்ண மாட்டேன் என்கிறார், சமரச மையத்தில் நேருக்கு நேர் பொய் சொல்லியிருக்கிறார். 'நாங்கள் கழற்றவில்லை' என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் இந்தத் தொல்லையில் மாட்டியிருக்க மாட்டேன். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசிக்க வேண்டியது என் வேலை இல்லை.

சாயங்காலம் கம்மல் ஏற்றும்போது தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

ஜூன் 25, செவ்வாய்

ஹெப்சியிடம் சொல்லிவிட முடிவு செய்தேன். அவள் கெரனுக்கு ஞாயிறு பள்ளி வசனப் போட்டிக்கு இளநீலத்தில் துணி எடுத்து வந்து மடியில் விரித்து வைத்திருந்தாள். இப்படி முகம் தெளிந்து அவளைப் பார்த்து வெகு நாளாயிற்று.

"ஹெப்சி, அந்தக் கம்மல் விஷயம்... ஒருவேளை அவங்க..."

"ஒருவேளை என்ன?"

"ஒருவேளை, நாம நினைக்கிற மாதிரி இல்லாம..."

"அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரேப்பா!" துணியை மடியிலிருந்து தள்ளினாள். "பழையபடி ஆரம்பிச்சிட்டீங்களா? நான் முகம் வீங்கி வந்து நின்னப்பவும் இதே 'ஒருவேளை'தான். ஒருவேளை அவருக்கு வேலைல டென்சனா இருக்கும், ஒருவேளை நீ கொஞ்சம் பொறுமையா போயிருக்கலாம். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எம்பக்கம் நின்னீங்க. அதையும் திருப்பி வாங்கிக்கிடாதீங்க."

துணி நல்ல துணி என்றேன். தையற்காரரிடம் கொண்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

கம்பளிப்பூச்சிக்கு ஆள் வந்தான். பந்தத்தைக் கொளுத்திப் பொசுக்கினான். பாதி கிளையும் கருகிவிட்டது. வேண்டிய அளவு மட்டும் கொளுத்த இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

ஜூலை 7, ஞாயிறு

இடது காது தூர்ந்துவிட்டது. வலது காதில் மட்டும் கம்மல் ஏறியது. இடது பக்கம் துளை இருந்த இடத்தில் சிவந்த சின்ன முடிச்சுதான் இருக்கிறது. ஹெப்சி அதன் மேல் திருகாணியை அழுத்திப் பார்த்தாள். நான் மோட்டார் சுவிட்சுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை கையெழுத்து முடியட்டும். மறுநாளே வேற இடத்துல புதுசா குத்திருவோம். இனிமேதான் கழட்ட ஆள் கிடையாதே" என்றாள் ஹெப்சி.

கெரன் அவள் கையைத் தட்டிவிட்டாள். இந்தப் பிள்ளை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"குத்தாதீங்க! எனக்கு வேண்டாம்! அங்க போனா அழுகை, இங்க வந்தா மோட்டார்!"

"என்னட்டி மோட்டார்?"

"நான் கத்துனா தாத்தா போய் மோட்டார் போடுதாங்க! தொட்டில தண்ணி வழியும், அப்பவும் நிப்பாட்ட மாட்டாங்க!"

ஹெப்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கை சுவிட்சில் இருந்தது. அதைப் போடவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

ஜூலை 8, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

நாளைக்கு. உண்மையைச் சொன்னால் பிள்ளையை அழைத்துக் கேட்பார்கள்: நீயா கழற்றினாய், ஏன் கழற்றினாய், அப்பா சொல்லிக் கொடுத்தாரா, உனக்கு எந்தக் கோயில் பிடிக்கும். அந்த மேசை முன் அவள் நிற்பாள். ஒரு பக்கம் கத்துகிறவள், ஒரு பக்கம் அழுகிறவர்கள். சொல்லாவிட்டால் செல்வினுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. இரண்டில் எது சரி என்று ஒரு அட்டவணை போட்டுப் பார்த்தேன். அட்டவணைக்குக் கோபம் வராது, எனக்குத்தான் வந்தது. கிழித்துப் போட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

வக்கீலம்மா தட்டச்சு செய்த தாளை எல்லோர் முன்னும் வைத்தார். "படிச்சுப் பாத்துட்டீங்களா? கையெழுத்துப் போடலாமா?" ஹெப்சி பேனாவை எடுத்துவிட்டாள்.

"மேடம்" என்றேன். "கம்மல்..."

"சொல்லுங்க சார்."

"அவங்க கழற்றல."

"அப்பா!" என்றாள் ஹெப்சி.

"அன்னைக்கு நீங்க பாத்தேன்னு சொன்னீங்களே சார்?"

"பாக்கல. பாத்த மாதிரி சொன்னேன்."

"என்ன சார் இது, படிச்சவங்க நீங்க." வக்கீலம்மாவுக்கு எரிச்சல். நியாயம்தான். "இவரும் ஆமான்னாரே? அப்ப யாருதான் கழட்டுனது? பாப்பாவேவா? பாப்பா வெளிய பெஞ்சிலதானே இருக்கா? கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

செல்வின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பாப்பா வேண்டாம் மேடம். நான்தான்னு சொல்லிட்டேன்லா. அதையே எழுதிக்கிடுங்க. ஞாயித்துக்கிழமைய அவங்களே வச்சுக்கிடட்டும்."

அப்போதுதான், பன்னிரண்டு நாற்காலி போட்ட அந்த அறையில், இந்த மனிதர் அன்றைக்கு எதற்காகப் பொய் சொன்னார் என்பதை யோசிக்க வேண்டியது என் வேலைதான் என்று பட்டது.

"நான்" என்றேன். "நான்தான் கழற்றினேன். பஸ் ஸ்டாண்டுல வச்சு. அங்க போனா அதனால ஒரு சண்டை வரும்னு. பயந்துட்டு."

வாழ்நாளில் ஒரு பொய்யான அளவீட்டை எழுதியவன் இல்லை நான். செல்வின் என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

ஹெப்சி ஒரு கேள்வியாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். எந்தக் கையால், எங்கே நின்று, கம்மலை எதில் வைத்தீர்கள் என்று. பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் யோசிக்கவே இல்லை.

"செஞ்சிருப்பீங்க" என்றாள். "நீங்க செய்யக்கூடிய ஆளுதான்."

அந்தப் பொய்யில் இவ்வளவு சுலபமாக நம்பக்கூடியது என்ன இருந்தது? அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அவள் என்னை அறிந்து வைத்திருப்பது இப்படித்தான். அவள் அறிந்தது தவறு என்று காட்ட என்னிடம் ஒரு காண்பனவும் இல்லை.

தாளை மாற்றி எழுதினார்கள். ஒரு ஞாயிறு தகப்பனோடு, ஒரு ஞாயிறு தாயோடு. முழுக்கு, ஞானஸ்நானம் எதுவும் அவள் பதினெட்டு வயதுக்கு முன் இரண்டு பேரும் சம்மதிக்காமல் கிடையாது. "கம்மல இதுல எழுத மாட்டேன் சார். அதெல்லாம் கோர்ட்டு வேலையில்ல" என்றார் வக்கீலம்மா. ஹெப்சி கையெழுத்துப் போட்டபோது பேனா தாளைக் கிழித்தது. அது நல்ல தாள்தான்.

வீட்டுக்கு வந்ததும் கெரன் முன்னாலேயே கத்தினாள். "நம்ம வீட்டுக்குள்ளயே இருந்துகிட்டு எம்பிள்ள காதப் புண்ணாக்கியிருக்கீங்க! நான் அவங்களத் திட்டிக்கிட்டு இருக்கேன்!" நான் நின்று கேட்டுக்கொண்டேன். கெரன் ஹெப்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனாள். நான் அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

ஜூலை 13, சனி

ஹெப்சி பேசவில்லை. டீயை மேசையில் வைத்த வேகத்தில் பாதி சாஸரில் இருந்தது.

இந்த ஞாயிறு செல்வினுடைய முறை. பஸ் ஸ்டாண்டில் அவர் வரும்வரை நின்றோம். கெரன் திடீரென்று தலையைச் சாய்த்து, வலது காதுக் கம்மலைத் திருகிக் கழற்றி, என் உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்தாள்.

"இந்தாங்க தாத்தா. நீங்கதான கழட்டுறீங்க? நீங்களே வச்சுக்கிடுங்க."

சிரிக்கிறாளா, கோபப்படுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்தது. காலமான என் மனைவிக்கும் கோபம் வந்தால் அப்படித்தான் இருக்கும். கம்மலைச் சட்டைப்பையில் போட்டேன். களிம்பை அவள் கையில் கொடுத்தேன்.

செல்வின் வந்தார். "மாமா, நேத்து நீங்க..." என்று ஆரம்பித்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. இந்த மனிதருக்காக நான் என் மகளை இழந்திருக்கிறேன். ஆற்றில் முழுகுவதை நான் இப்போதும் ஏற்கவில்லை.

"மாப்பிள்ளை" என்றேன், வாய் தவறித்தான். "உங்க அக்காட்ட சொல்லுங்க. அழணும்னா அடுத்த ரூமுக்குப் போய்க் கதவ அடைச்சிட்டு அழச் சொல்லுங்க. பிள்ளை தலைல கைய வச்சிட்டு அழ வேண்டாம்!"

பூக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன்.

செல்வின் பிள்ளையின் பையைத் தோளில் மாட்டினார். "சொல்லுதேன் மாமா" என்றார். பிறகு, "நீங்களும் மோட்டாரப் போடாம இருங்க" என்றார்.

கெரன் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்கிறவள் இல்லை என்று நினைத்தேன். இதைச் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். ஹெப்சி நாலு வரிசை முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இளநீலச் சட்டையில் கெரன் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. காணிக்கைப் பை வந்தபோது சட்டைப்பையில் கைவிட்டேன். விரலில் கம்மல்தான் அகப்பட்டது. திருகாணி குத்தியது.

சாயங்காலம் கெரனைக் கூட்டிவந்தேன். அவள் கம்மலைக் கேட்டு வாங்கி, கண்ணாடி முன் நின்று, தேங்காய் எண்ணெய் தடவி, வலது காதில் தானே போட்டுக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றாள். ஹெப்சி வாசற்படியில் நின்று பார்த்தாள். உதவிக்குப் போகவில்லை, கத்தவும் இல்லை. இடது காதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். தொட்டியில் தண்ணீர் இல்லை, காலையில் போட்டுக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் எழுதிய குறிப்புகளை இன்று சரிபார்த்தேன்.

முதல் குறிப்பு நிற்கிறது. இரண்டாவதும் நிற்கிறது, யாரும் ஏற்காவிட்டாலும். நான்காவதைக் காப்பாற்றுவதற்கே மூன்றாவதைக் கைவிட வேண்டியிருந்தது. ஐந்தாவதைப் பற்றி ஹெப்சியிடம் கேட்கலாம் என்றால் அவள் என்னோடு பேசுவதில்லை. அதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது, ஆகையால் அதை இன்று ஆராயவில்லை.

மூன்றாவது குறிப்பு தவறு. அறிவன பத்தியில் எழுத வேண்டியதைக் காண்பன பத்தியில் எழுதினேன். அதையும் உண்மையில் அறிந்திருக்கவில்லை. நான் பார்க்கவில்லை.